ஷிங்கான்சென் நிதிப் பங்கீடு

ஷிங்கான்சென் நிதிப் பங்கீடு என்பது ஜப்பானில் புதிய அதிவேக ரயில் பாதைகளை யார் செலவில் போடுவது, அந்தச் செலவு தகுமா என்று எப்படிக் கணிப்பது ஆகியவற்றை முடிவு செய்யும் விதிமுறைகளின் தொகுப்பு. 1964இல் திறக்கப்பட்ட முதல் பாதையை அந்நாட்டுத் தேசிய ரயில்வே கடன் வாங்கிக் கட்டியது. இன்று ரயிலை ஓட்டும் நிறுவனம் தனக்குக் கிடைக்கும் ஆதாயத்தின் அளவுக்குக் குத்தகை கட்டுகிறது; மீதிச் செலவை மத்திய அரசும் மாகாணங்களும் பகிர்ந்துகொள்கின்றன. பணம் தருபவரின் சம்மதமில்லாமல் பணி தொடங்காது என்பதால், பாதை எங்கே போகும், எங்கே நின்றுவிடும் என்பதும் இந்தப் பங்கீட்டைப் பொறுத்தே அமைந்திருக்கிறது.

முதல் பாதையும் கடனும்

டோக்கியோ–ஒசாகா இடையிலான தோக்காய்தோ பாதையை முன்னின்று நடத்தியவர் தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜி. விமானமும் காரும் பெருகும் காலத்தில் ரயிலுக்குப் புதுப் பாதை வீண் செலவு என்ற எதிர்ப்பு வலுவாக இருந்ததால், மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டியே அவர் ஒப்புதல் பெற்றார். 1961இல் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. மொத்தச் செலவில் இது சிறு பகுதிதான். ஆனால் வெளிநாட்டுக்குக் கொடுத்த வாக்கு என்பதால், ஆட்சி மாறினாலும் திட்டத்தைக் கைவிட முடியாமல் போனது. ஏறத்தாழ 20,000 கோடி யென் என்று தொடங்கிய கணக்கு 38,000 கோடி யென்னில் முடிந்தது. பாதை திறக்கப்படும் முன்பே, 1963இல், சோகோ பதவியைவிட்டு விலகினார்.

பாதை விரைவிலேயே நல்ல லாபம் ஈட்டியது. அதே 1964ஆம் நிதியாண்டில்தான் தேசிய ரயில்வே மொத்தமாக நட்டத்தில் விழுந்தது, பிறகு மீளவேயில்லை.

அரசியலும் முடக்கமும்

1970ஆம் ஆண்டின் நாடு தழுவிய ஷிங்கான்சென் சட்டம், பாதைகளைத் திட்டமிடும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்தது. பின்தங்கிய பகுதிகளை வளர்ப்பதும் ஒரு நோக்கமாகச் சட்டத்தில் இடம்பெற்றதால், பயணிகள் குறைவான ஊர்களும் பாதை கேட்க வழி பிறந்தது. நீகாத்தாவைச் சொந்த மாகாணமாகக் கொண்ட தனாகா காகுயே 1972இல் பிரதமரானார். நீகாத்தாவுக்குச் செல்லும் ஜோயெத்சு பாதை 1982இல் திறக்கப்பட்டது.

ஹொக்கைதோ, தோஹோகுவின் வடபகுதி, ஹொக்குரிக்கு, கியூஷூவின் ககோஷிமா, நாகசாகி ஆகிய ஐந்து பாதைகளுக்கான திட்டம் 1973இல் வகுக்கப்பட்டது. ஆனால் எண்ணெய் நெருக்கடியும் ரயில்வேயின் கடனும் குறுக்கே நின்றன. 1982இல் அமைச்சரவை இப்பணிகளை முடக்கியது. 1987இல் தடை நீங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலில் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டுத் தனியார்மயமாக்கப்பட்டபோது, அதன் கடன் சுமார் 37 லட்சம் கோடி யென்னாக இருந்தது.

பங்கீட்டு முறை

அந்தப் பிரிவினையில் பிறந்த புதிய ஜே.ஆர். நிறுவனங்கள் பழைய கதியை மறக்கவில்லை. நட்டம் தரும் பாதையை ஏற்க மறுத்தன. 1989இல் ஹொக்குரிக்கு பாதையின் தகாசாகி–கருயிசாவா பணி தொடங்கியபோது ஜே.ஆர். 50, மத்திய அரசு 35, உள்ளூர் 15 விழுக்காடு என்று பிரித்தார்கள். 1996இல் இன்றைய முறை வந்தது. பாதை அரசு அமைப்பின் சொத்து, ஜே.ஆர். வெறும் குத்தகைதாரர். புதுப் பாதை இருந்தால் கிடைக்கும் வருவாயையும் இல்லாவிட்டால் கிடைக்கும் வருவாயையும் 30 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தைக் குத்தகையாக நிர்ணயிக்கிறார்கள். தகாசாகி–நாகனோ பகுதிக்கு இது ஆண்டுக்கு 1,750 கோடி யென். குத்தகைப் பணம் போக மீதியில் மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசுடையது, ஒரு பங்கு மாகாணங்களுடையது.

பணி தொடங்க ஐந்து நிபந்தனைகள் உண்டு: உறுதியான நிதி, இயக்கத்தில் லாபம், செலவை மிஞ்சும் சமூகப் பயன், ஜே.ஆரின் ஒப்புதல், பக்கத்தில் ஓடும் பழைய பாதையை ஜே.ஆர். கைவிட உள்ளூரின் சம்மதம். கடைசி நிபந்தனை கடுமையானது. 1997இல் நாகனோ வரை ஷிங்கான்சென் வந்ததும் யொகோகாவா–கருயிசாவா மலைப்பாதை மூடப்பட்டது. அதற்கு அப்பாலுள்ள பழைய பாதை, மாகாணமும் ஊராட்சிகளும் பங்குபெற்ற ஷினானோ ரயில்வேயிடம் போனது. மூன்றாவது நிபந்தனை நடைமுறையில் நெகிழ்ந்துகொடுத்திருக்கிறது. கனசாவா–த்சுருகா பகுதியில் செலவு உயர்ந்து, பணி நடக்கும்போதே பயன்–செலவு விகிதம் 1க்குக் கீழே இறங்கியது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. 2024 மார்ச்சில் பாதை திறக்கப்பட்டது.

சாகாவின் மறுப்பு

இந்த முறையின் சிக்கல் கூர்மையாகத் தெரியும் இடம் கியூஷூவின் சாகா மாகாணத்திலுள்ள தாகெயோ-ஒன்சென் நிலையம். 2022 செப்டம்பரில் திறக்கப்பட்ட நிஷி-கியூஷூ ஷிங்கான்சென் நாகசாகியிலிருந்து 66 கி.மீ. ஓடி இங்கே முடிந்துவிடுகிறது. ஹக்காத்தா செல்பவர்கள் அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் காத்திருக்கும் சாதாரணப் பாதை விரைவு ரயிலுக்கு மாறி ஏற வேண்டும்.

இருவகைத் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய, சக்கர இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ரயில் வரும் என்று நம்பியே சாகா மாகாணம் முதலில் ஒப்புக்கொண்டது. அந்த ரயிலை இப்பாதைக்குக் கொண்டுவரும் திட்டம் 2018இல் கைவிடப்பட்டது. முழு ஷிங்கான்சென் பாதை போட்டால் சாகா நகரிலிருந்து ஹக்காத்தாவுக்கு மிச்சமாவது கால் மணி நேரம்தான். மாகாணத்தின் பங்கோ பல ஆயிரம் கோடி யென். ஆதாயத்தில் பெரும்பகுதி நாகசாகிக்கு, செலவு தனக்கு என்பது சாகாவின் வாதம். மாகாணங்களின் பங்கு அவற்றின் எல்லைக்குள் போடப்படும் பாதையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, கிடைக்கும் பயனை வைத்து அல்ல. நீகாத்தா ஆளுநரும் 2009இல் ஹொக்குரிக்கு பாதையின் கூடுதல் செலவைத் தர மறுத்துப் போர்க்கொடி தூக்கியதுண்டு.

வேறு வழிகள்

டோக்கியோ–நகோயா காந்தமிதவை ரயிலைத் தன் சொந்தச் செலவில் கட்டுவதாக ஜே.ஆர். தோக்காய் 2007இல் அறிவித்தது. பின்னர் அரசு 3 லட்சம் கோடி யென் நீண்டகாலக் கடன் கொடுத்து உதவியது. மாகாணத்திடம் காசு கேட்காததால் தடை வராது என்றில்லை. ஒரு நிலையமும் கிடைக்காத ஷிசுவோக்கா, ஓயி ஆற்று நீர் குறையும் என்று அனுமதி மறுத்தது. 2027இல் திறக்கும் இலக்கு 2024இல் கைவிடப்பட்டது.

ஷிங்கான்சென் தொழில்நுட்பத்தை ஏற்ற மும்பை–அகமதாபாத் பாதைக்கு, தொடக்க மதிப்பீட்டில் 81 விழுக்காட்டை 0.1 விழுக்காடு வட்டியில் 50 ஆண்டுக் கடனாக ஜப்பான் தர முன்வந்தது. மீதிக்கான மூலதனத்தில் இந்திய அரசுடன் மகாராஷ்டிரமும் குஜராத்தும் பங்கேற்கின்றன. மாநிலங்களும் செலவில் கைகொடுக்கும் வழக்கம் இங்கும் வந்திருக்கிறது.

தகாசாகி–நாகனோவின் 30 ஆண்டுக் குத்தகை 2027இல் முடிகிறது. ஹொக்குரிக்கு பாதையின் ஒசாகா வரையிலான நீட்டிப்பு போன்ற புதுப் பணிகளுக்கு, அதன் பிறகும் வரக்கூடிய குத்தகைப் பணமே முக்கியமான நிதி ஆதாரமாகப் பேசப்படுகிறது.