வேரின் பிறப்பு: ஒரு முறையா, பல முறையா?

நிலத்தில் முதலில் குடியேறிய தாவரங்களுக்கு வேர் கிடையாது. இன்றைய மாஸ் வகைத் தாவரங்களில் காண்பது போன்ற வேரிகள் எனும் மெல்லிய இழைகளே அவற்றைத் தரையோடு பிணைத்தன. வேர் அதற்கு வெகுகாலம் கழித்து வந்த உறுப்பு. அது ஒரு முறைதான் தோன்றியதா, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியதா என்பதே நெடுநாளைய விவாதம்.

உயிருள்ள தாவரங்களை மட்டும் வைத்து இதைத் தீர்ப்பது கடினம். இன்றைய வேருள்ள தாவரங்களில் லைக்கோபோடுகள் ஒரு கிளை. பெரணிகளும் விதைத்தாவரங்களும் மறு கிளை. இரு கிளைகளின் வேர்களும் வேர்மூடி அணிந்து, வேர்த்தூவிகளோடு மண்ணுக்குள் இறங்குகின்றன. ஆனால் கிளைக்கும் விதம் வேறு: லைக்கோபோடு வேரின் நுனியே இரண்டாகப் பிளக்கிறது, ஆலமரத்திலும் நெல்லிலும் பக்கவேர் உள்திசுவிலிருந்து புறப்பட்டு, மேல்திசுவைத் துளைத்து வெளிவருகிறது.

விடையின் பெரும்பகுதி ஸ்காட்லாந்தின் ரைனி என்ற சிற்றூரில் கிடைத்தது. சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. அவற்றின் சிலிக்கா கலந்த நீர், செடிகளை நின்ற நிலையிலேயே, செல்கூடக் கலையாமல் கல்லாக்கியது. வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் இப்பாறையைக் கண்டறிந்தார். தாவர ஆய்வாளர்கள் கிட்ஸ்டனும் லாங்கும் 1917 முதல் 1921 வரை அதன் தாவரங்களை விவரித்தனர். அங்குள்ள ரைனியா, அக்லோஃபைட்டான் என்ற தாவரங்களுக்கு இருந்தவை வேரிகள்தாம். அக்லோஃபைட்டானின் திசுக்களுக்குள் பூஞ்சைகளும் வாழ்ந்தன. வேர் வருமுன்பே பூஞ்சையோடு உறவு வந்துவிட்டது.

அதே பாறையில் உள்ள அஸ்டிரோசைலான் ஒரு தொடக்ககால லைக்கோபோடு. அதன் கீழ்நோக்கிய அச்சுகளை ஆய்வாளர்கள் ஹெதரிங்டனும் டோலனும் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்த நுனிகளில் வேர்மூடி இல்லை. மேல்தோல் நுனியைத் தொடர்ச்சியாக மூடியிருந்தது. வேர்த்தூவிகளும் இல்லை. வேரின் வேலையைச் செய்த அந்த அச்சு, அமைப்பில் முழு வேராகவில்லை. லைக்கோபோடு வம்சத்தின் தொடக்கத்திலேயே வேர்மூடி இல்லையென்றால், பிற்கால லைக்கோபோடுகள் அதைத் தாமாகவே பெற்றிருக்க வேண்டும்.

அதன்பின் வேர் விரைவாகப் பெருகியது. நியூயார்க் மாநிலத்தின் கெய்ரோவில், 38.6 கோடி ஆண்டுப் பழமையான மண்ணில், ஆர்க்கியோப்டெரிஸ் மரத்தின் வேர்த்தடங்கள் 11 மீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கின்றன.

ஆக, வேர் முழு உருவோடு ஒரே நாளில் வந்ததல்ல. படிப்படியாக, குறைந்தது இரு முறை உருவானது என்பதே புதைபடிவங்கள் வலுவாகச் சுட்டும் முடிவு.