பற்றரி ட்ரில்லா, வயர் ட்ரில்லா?

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால் சாம்பல்தீவு. போருக்கும் சுனாமிக்கும் பிறகு இந்தக் கரையோரத்தில் எழுந்த வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல் வீடுகள். கதவு நிலைக்கு, வசதி இருந்தால் முதிரை; இல்லாவிட்டால் கிடைத்த மரம். வீட்டுத் தேவைக்கு ஒரு ட்ரில் வாங்க நினைப்பவர் கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது இந்தச் சுவரையும் மரத்தையும்தான். பெட்டியில் உள்ள படத்தைப் பிறகு பார்க்கலாம்.

போட்டி இரண்டுக்கு இடையில். ஒன்று 12 வோல்ற் பற்றரி ட்ரில். பற்றரியோடு சேர்த்தே ஒரு கிலோ அளவில் இருக்கும். மற்றது 500 வாற் அளவிலான வயர் ட்ரில். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, தட்டித் துளைக்கும் ஹாமர் வசதியோடு வரும்.

பற்றரிக்குள் இருப்பவை 3 லிதியம் செல்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ற். ஆக, வேலை செய்யும்போது கிடைப்பது 10.8 தான், 12 என்பது முழுதாகச் சார்ஜ் ஏறிய நேரத்துக் கணக்கு. 20 வோல்ற் என்று விற்பதும் இப்படித்தான், 5 செல், 18 வோல்ற். 2 அம்பியர்-மணி பற்றரியில் அடங்குவது 21.6 வாற்-மணி. வயர் ட்ரில் முழுச் சுமையில் 500 வாற் இழுத்தால் அவ்வளவையும் இரண்டரை நிமிடத்தில் குடித்துவிடும்.

இதைக் கேட்டதும் பற்றரி ட்ரில் விளையாட்டுச் சாமான் என்று முடிவுகட்ட வேண்டாம். பிணைச்சலுக்கு ஒரு திருகாணி ஏற்றச் சில வினாடி போதும். பற்றரி ட்ரில்லின் கழுத்தில் எண் போட்ட வளையம் ஒன்று உண்டு. வைத்த அளவுக்கு இறுகியதும் பிடி விட்டு 'டக்டக்' என்று நின்றுவிடும். வீட்டுக்கான சாதாரண வயர் ட்ரில்லில் அந்த வளையம் இல்லை. அதன் வேகமும் அதிகம். கை சற்றுத் தாமதித்தால் திருகாணியின் தலை தேய்ந்து போகும். முதிரையில் இன்னும் மோசம்: முதலில் மெல்லிய துளை போடாமல் ஏற்றினால் திருகாணி பாதியில் முறியும். கொசுவலைச் சட்டம், அலுமாரிப் பூட்டு, தகரக் கேற்றின் கொண்டி எல்லாமே பற்றரி ட்ரில்லின் வேலைகள்.

சிக்கல் திரைச்சீலைக் கம்பியில் வருகிறது. வீட்டிலேயே லேசான வேலை அதுதான் என்று நினைப்போம். ஆனால் கம்பியைப் பூட்டும் இடம் யன்னலுக்கு மேலே. அங்கே இருப்பது கல் அல்ல, கம்பி கட்டி வார்த்த கொங்கிறீட் லின்ரல். கீழே சீமெந்துக் கல்லில் 6 மில்லிமீற்றர் துளையைச் சுலபமாகப் போட்ட சின்ன ட்ரில், இங்கே சாந்துப் பூச்சைத் தாண்டியதும் சூடேறி முனகும். 12 வோல்ற்றிலும் ஹாமர் வைத்த மாதிரிகள் உண்டு. ஹாமர் என்பது பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுவது. பின்னால் நின்று அழுத்தும் கையும் விடாமல் சுழற்றும் மோட்டரும் இருந்தால்தான் அது பலிக்கும். லின்ரலுக்கு வயர் ட்ரில்தான் சரி. உள்ளே இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் அதுவும் நின்றுவிடும். துளையைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டியதுதான்.

என்றாலும் என் தெரிவு பற்றரி ட்ரில்தான். லின்ரலைத் துளைப்பது ஒரு வீட்டில் எத்தனை தடவை வரும்? அன்றைக்கு மேசனிடமோ எலெக்றீசியனிடமோ பெரிய மெசினை இரவல் வாங்கலாம். ஏணியில் நின்று ஒரு கையால் பிடிக்க வேண்டியவருக்கு, அதுவும் வயதானவருக்கு, அரைக் கிலோ வித்தியாசம் பெரிது. ஈர மணலில் எக்ஸ்ரென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு கேற் வரை போகவும் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அந்த மாதிரி நாளில் வயர் ட்ரில் வெறும் இரும்பு. புதுவீடு கட்டிக்கொண்டிருப்பவருக்கு மட்டும் என் பேச்சு பொருந்தாது. அவர் வயர் ட்ரில்லைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

உப்புக் காற்று இரண்டையும் விடாது. துளையூசியைப் பிடிக்கும் சக்கைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பற்றரியை வெறுமையாகவும் விடக்கூடாது, தகரக் கூரைக்குக் கீழ் வெக்கையிலும் வைக்கக்கூடாது. பாதிச் சார்ஜில் நிழலான இடத்தில் இருக்கட்டும். ட்ரில்லின் பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசைத் துருப்பிடிக்காத திருகாணிக்குக் கொடுங்கள் என்பேன்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய செற் மலிவாகக் கிடைத்தால் சாஜரின் அடியில் உள்ள எழுத்தை வாசியுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ற், இங்கே 230. நேரே செருகினால் சாஜர் அன்றோடு சரி.