கற்றளிப் பணியில் பொருள் ஏற்பும் நிறை காணலும்

விராலிமலைக்கு அண்மையிலுள்ள கொடும்பாளூர் இருக்குவேளிரின் தலைநகராய் விளங்கிய ஊர். அங்கே பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் பெயராலும் மூன்று விமானங்களை எடுப்பித்தான். அவற்றுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு வேளிர் மரபையும் வெற்றிகளையும், மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவியார்க்கு மடமும் ஊர்களும் அளித்ததையும் விரித்துரைக்கின்றது. ஆயின் பணிக்கு வந்த பொருளை ஏற்றோர் அதனை எங்ஙனம் சோதித்தனர் என்பதற்கு அதில் இடமில்லை. இவ்வினாவிற்கு விடை காண விழைவார் தஞ்சைப் பெரிய கோயிற் சுவர்களையே நாடல் வேண்டும்.

முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் (கி.பி. 1010) விமானத்தின் உச்சியில் வைத்தற்குச் செப்புக்குடம் ஒன்று அளித்தான். குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேற் போர்த்த பொற்றகட்டின் நிறை 2926½ கழஞ்சு. இவ்விரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதாது வேறு வேறாக எழுதினமை கூர்ந்து நோக்கற்பாலது. சேர்த்து எழுதியிருப்பின் பொன் குறையினும் செம்பின் நிறை அதனை மறைத்துவிடும். கொடுத்தவன் பேரரசன், எனினும் அவன் கொடையும் துலாக்கோலுக்குத் தப்பவில்லை.

அக்கோயிலிற் பொன் நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். அணிகலன் நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். இரண்டும் இறைவன் திருப்பெயர்களே. இறைவன் பெயர் பூண்ட கல்லில் நிறை பிழைத்தல் இறைவனுக்கே இழைத்த பிழையாகும் எனக் கருதியிருத்தல் கூடும். அணிகளை நிறுக்கும்போது நூலை நீக்கினர். அரக்கு முதலியன சேர்ந்த நிறையாயின் அதனையும் வெளிப்படக் குறித்தனர். பொன்னின் மாற்றைத் தண்டவாணி என்னும் தரத்தோடு ஒப்பிட்டனர். செப்புத் திருமேனிகளின் உயரத்தைக் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்து, கை எத்தனை, கனமாக வார்த்ததா என்பனவற்றையும் பொறித்தனர். இவை வெறும் வாய்பாடு எனக் கருதி, மன்னர் பெயரையும் ஆண்டையும் மட்டும் திரட்டிக்கொண்டு மேற்செல்வார் பலர். அஃது ஏற்புடைத்தன்று. வந்த பொருளை அளந்து ஏற்று, எவரும் காணச் சுவரில் எழுதிய பற்றுச்சீட்டுகளே இவை.

ஆனால் கல்லைப்பற்றி அச்சுவர்கள் வாய் திறப்பதில்லை. உழக்கு நெய்யும் கணக்கில் ஏறிய கோயிலில் பல்லாயிரம் வண்டிக் கல் ஏறாமற் போனது வியப்பே. காரணம் உய்த்துணரத்தக்கது. தஞ்சை வண்டல் நிலம், கருங்கல் அங்கில்லை. மேற்கிலிருந்தோ தெற்கிலிருந்தோதான் அது வந்திருத்தல் வேண்டும். புதுக்கோட்டை வட்டாரத்துப் பாறைகளைச் சுட்டுவாரும் உளர். அத்துணைத் தொலைவு இழுத்து வந்தபின் கல்லில் குறை காணின் உழைப்பனைத்தும் பாழ். ஆதலின் கல்லுக்குரிய தேர்வு பாறையிலேயே முடிந்திருத்தல் வேண்டும்.

மயமதம் முதலிய சிற்ப நூல்கள் இக்கருத்திற்கு அரணாகும். உளி பட்டவிடத்து எழும் ஓசைகொண்டு கல்லை ஆண், பெண், அலி என அவை பகுக்கும். வெண்கல மணிபோல் ஒலிப்பது ஆண் கல்; கடவுள் திருமேனிக்கு உரியது. மெல்லோசை உடையது பெண் கல். தேவியர்க்கும் பீடத்திற்கும் ஆவது. ஓசையற்றது திருமேனிக்கு ஆகாது. கல்லின் உட்குறையை மேற்பூச்சுக்களால் வெளிப்படுத்தும் முறையும் அந்நூல்களில் உண்டு. பொன்னைச் சோதித்தோர் எழுத்தில் வைத்தனர். கல்லைச் சோதித்த தச்சன் செவியில் வைத்தான். அவனுடைய தீர்ப்புக்குச் சாசனம் தேவைப்படவில்லை.

எனினும் கொடும்பாளூரில் அத்தீர்ப்பின் சுவடு ஒருவாறு புலனாகும். சோழர் காலக் கற்றளிகளில் கற்கள் பெரும்பாலும் சாந்தின் துணையின்றியே பொருத்தப்பட்டன. அவ்வாறாயின் அளவு பிழைத்த கல்லை வரிசையில் ஏற்ற இயலாது. மேற்கட்டு இழந்த மூன்றாம் விமானத்தின் அடித்தளத்தில் அக்கல் வரிசைகளை மேலிருந்தே நோக்கலாம். ஆராயப் புகுவார் அளவுநாடாவுடன் அங்குச் சென்று, ஒவ்வொரு கல்லின் நீள அகலங்களையும் குறித்து, நிற்கும் இரு விமானங்களின் கற்களோடு ஒப்பிடுதல் நலம்.