மாத்தளைக்கு ஐந்நூறு பேர் வந்த கதை

சின்ன ஊர்ல பெரிய மாநாடு நடத்த முடியுமான்னு கேட்டா, உடனே வருகிற எதிர்க்கேள்விகள் நமக்குத் தெரிந்தவைதான். ஹோட்டல் இருக்கா? ஏர்போர்ட் எவ்வளவு தூரம்? மண்டபத்துல ஏசி போட்டிருக்கா? மாத்தளையைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகள் கொஞ்சம் வேடிக்கையானவை. இந்த ஊர் ஒரு மாநாட்டை நடத்தி முடித்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது.

மாத்தளை டவுனிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கமாகப் போனால் மூன்று கிலோமீட்டர் அளவில் அலுவிகாரை வரும். பாறைகளுக்கு நடுவே குகைகள். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாக மட்டுமே ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகத்தை பிக்குகள் இங்கேதான் ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. தேரவாத பௌத்தர்கள் இதை நான்காவது சங்காயனம் என்று எண்ணுகிறார்கள். 1871இல் மண்டலேயிலும், 1954 முதல் 1956 வரை ரங்கூனிலும் பர்மியர்கள் கூட்டியவை ஐந்தாவது, ஆறாவது என்று எண்ணப்படுவது மாத்தளையை நான்காவதாக வைத்துத்தான்.

ஏன் எழுத வேண்டி வந்தது? பசி. வட்டகாமினி அபயன் (சிங்களத்தில் வலகம்பா) பட்டத்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அநுராதபுரம் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் கையில் விழுந்தது. அரசன் ஓடி ஒளிந்தான். பதினான்கு வருஷம் ஐந்து தமிழ் அரசர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். அதே காலத்தில் கொடிய பஞ்சமும் வந்தது. பிக்குகளில் பலர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மலைநாட்டுப் பக்கம் ஒதுங்கியவர்கள் கிழங்கையும் இலையையும் தின்று, நிற்கத் தெம்பில்லாமல் படுத்தபடியே சூத்திரங்களை ஓதினார்கள் என்று உரைநூல்கள் சொல்கின்றன. அதில் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மகாநித்தேசம் என்ற நூல் கடைசியில் ஒரே ஒரு பிக்குவுக்குத்தான் மனப்பாடமாக இருந்ததாம். அவரோ ஒழுக்கம் கெட்டவர் என்று பேரெடுத்தவர். அந்த ஆளிடம் போய் உட்காரவே மற்றவர்களுக்குக் கூச்சம். ஆனா அவர் செத்தால் நூலும் செத்துப்போகும். அதனால் ஒரு நல்ல தேரரைக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிப் படிக்க வைத்தார்கள்.

சரி, எழுதுவது என்று முடிவானது. அநுராதபுரத்திலேயே எழுதியிருக்கலாமே, ஏன் மாத்தளை? மகாவம்சம் இந்த எழுத்து வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. 14ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நிகாய சங்கிரகயதான் மாத்தளைக் குகையையும் ஐந்நூறு பிக்குகளையும் குறிப்பிடுகிறது. அதில் ஒரு விவரம் முக்கியம்: இவர்களுக்கு ஆதரவு கொடுத்தது அரசன் இல்லை, உள்ளூர்த் தலைவன் ஒருவன். ஆட்சியைத் திரும்பப் பிடித்த வட்டகாமினி, அபயகிரி விகாரையைக் கட்டித் தனக்கு உதவிய பிக்குவுக்குக் கொடுத்திருந்தான். பழைய மகாவிகாரைக்காரர்களுக்கும் அபயகிரிக்கும் பிளவு வந்துவிட்டது. தலைநகரம் தங்களுக்குச் சாதகமாக இல்லாதபோது மகாவிகாரை பிக்குகள் சோறு போட ஆளிருந்த மலையடிவாரத்துக்கு வந்தார்கள் என்ற விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது.

தலைநகரம் வேண்டாம் என்று முடிவெடுத்த மாநாடுகள் நமக்கும் இருக்கின்றன. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தன் முதல் மாநாட்டை 1940இல் கம்பளையில் வைத்தது. ஆட்கள் இருந்தது மலையகத்தில், அதனால் மாநாடும் அங்கே. 1974 ஜனவரியில் நடந்த நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முந்தைய ஊர்கள் கோலாலம்பூர், சென்னை, பாரிஸ். அந்த வரிசையில் யாழ்ப்பாணம் ரொம்பச் சின்ன ஊர். 1973இல்தான் கொழும்பில் சீன உதவியோடு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் புத்தம் புதிதாகத் திறந்திருந்தது. கொழும்பா யாழ்ப்பாணமா என்று பெரிய இழுபறி. கடைசியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் யாழ்ப்பாணத்திலேயே நடத்தினார்கள். ஊரே வீட்டுக்கு வீடு அலங்கரித்தது. ஜனவரி 10ஆம் திகதி, கடைசி நாள் கூட்டத்தில் பொலிஸ் புகுந்ததும், மின்கம்பி அறுந்து விழுந்ததும், உயிர்கள் போனதும் நமக்குத் தெரியும். மாநாட்டை எந்த ஊரில் வைப்பது என்பது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் நம்மிடம் கிடையாது.

இன்றைக்கு மாத்தளை மாவட்டத்தில் மாநாடே நடப்பதில்லையா? நடக்குது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறந்த கண்டலம ஹோட்டல் தம்புள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 152 அறைகள், காட்டுக்குள் பாறையோடு பாறையாக ஒட்டி நிற்கும் அழகான கட்டடம். அதைக் கட்டும்போது பிக்குகளும் ஊர்மக்களும் எதிர்த்துப் போராடியது தனிக் கதை. கம்பெனிக் கூட்டங்களுக்கு அங்கே குறையில்லை. ஆனால் வருகிறவர்கள் வாகனத்தில் நேராக வந்து இறங்கி, நேராகத் திரும்பிப் போகிறார்கள். அதனால் மாத்தளை டவுன் கடைக்காரருக்கு ஒரு டீ கூட அதிகமாக விற்காது. சுவிட்சர்லாந்தின் டாவோஸையும் இங்கே சிலர் உதாரணம் காட்டுவார்கள். காசநோயாளிகளுக்காகக் கட்டிய சானட்டோரியங்களால் வளர்ந்த ஊர் அது. 1971இல் மாநாட்டுக்காரர்கள் வரும்போது தங்குமிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. நமக்கு அது சரிவராது.

நமக்கிருப்பது வேறு. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயில் ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 1983இல் தாக்கப்பட்ட கோயில் அது. வருகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டில் படுக்கிறார்கள், அன்னதானத்தில் சாப்பிடுகிறார்கள். கண்டியிலிருந்து ரயில் 1880இலேயே வந்துவிட்டது.

அதே மாசியில்தான் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்தும். பாட்டுகளை முழுசாகத் தெரிந்த பெரியவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள். இவர்களைப் பற்றிய ஆய்வரங்கை வழமைபோல கொழும்பில் வைத்தால் கட்டுரை வாசிக்கிறவர்கள் வருவார்கள். பாடத் தெரிந்தவர் வரமாட்டார். எழுபது வயதில் யார் எல்கடுவையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறுவது? மாத்தளையில் வைத்தால் காலையில் வந்து பாடிவிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு பள்ளிக்கூட மண்டபம், நாலு ரெக்கோடர், மத்தியானச் சோற்றுக்குப் பொறுப்பெடுக்க இரண்டு பேர். அடுத்த மாசிக்கு இன்னும் நாள் இருக்கு.