அம்மா இருந்தும் 'வீட்டில் ஆள் இல்லை'

உங்கள் வீட்டுக் கதவைக் கோர்ட் அமீனா தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதறாதீர்கள், சும்மா ஒரு பேச்சுக்குத்தான்!

ஊர் குலசேகரன்பட்டினம். வருடம் 1950. வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடித் தோணியில் வேலை. சரக்கோடு கொழும்புக்குப் போயிருக்கிறார். எப்போது திரும்புவார் என்பது கடலுக்கே வெளிச்சம். அவர் மேல் யாரோ கடன் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 'எங்கிட்ட குடுங்கய்யா, அவுக வந்ததும் குடுத்திருதேன்' என்கிறார் மனைவி. அமீனா உதட்டைப் பிதுக்குகிறார். 'வீட்டுல ஆம்பளை யாரும் இல்லியா?'

இது அமீனாவின் திமிர் இல்லை சார், சட்டம்! பிரதிவாதி அகப்படாவிட்டால், அவரோடு வசிக்கும் குடும்பத்தில் வயதுவந்த ஆண் ஒருவரிடம் சம்மனைக் கொடுக்கலாம் என்றது 1908-ம் வருட சிவில் நடைமுறைச் சட்டம். குடும்பத்தின் வரவு செலவையே விரல்நுனியில் வைத்திருக்கும் பெண்மணியானாலும் சேர்த்தி இல்லை.

அப்புறம்? கதவில் ஒட்டிவிட்டுப் போவார். எப்படி ஒட்டினேன், வீட்டை அடையாளம் காட்டியது யார், சாட்சி யார் என்று எழுதிக் கோர்ட்டில் கொடுப்பார். அதைச் சத்தியம் செய்து உறுதிப்படுத்தவில்லை என்றால், கோர்ட் அவரையே விசாரிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், 'சம்மன் முறைப்படி சார்பு செய்யப்பட்டது' என்று ஆகிவிடும். பிரதிவாதி வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அடுத்து ஜப்தி!

நான் பி.காம். படித்தவன். ரசீது என்றால் எனக்குத் தனி மரியாதை. ஒரு பெண் கையெழுத்துப் போட்டு வாங்குவதைவிட, கடல்காற்று அடிக்கும் ஊரில் கதவில் ஒட்டிய காகிதம் எப்படி நம்பகமானதாக இருந்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

1976-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 'ஆணோ பெண்ணோ, வயதுவந்த யாராக இருந்தாலும் சரி' என்பது 1977 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அப்பாடா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அது சிவில் வழக்குக்கு மட்டும். கிரிமினல் சம்மனுக்கு 1973-ம் வருடச் சட்டத்திலும் 'ஆண்' உட்கார்ந்துகொண்டேதான் இருந்தார்.

1989-ல் பாத்திமா பீவி சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி ஆனார். பின்னாளில் நம் தமிழ்நாட்டுக்கே கவர்னராக வந்தவர். தீர்ப்பு எழுதி ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பலாம். ஆனால் கூடவே வசிக்கும் அண்ணன் தம்பி பெயருக்கு ஒரு கிரிமினல் சம்மன் வந்தால், சட்டப்படி அவர் கையில் கொடுக்க முடியாது!

2024 பிப்ரவரி 28 அன்று அதே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாலு மாதம் கழித்து, ஜூலை 1 அன்று, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலுக்கு வந்தபோதுதான் கிரிமினல் சம்மனிலும் 'ஆண்' என்ற அந்த ஒற்றைச் சொல் காணாமல் போனது. சிவிலுக்கும் கிரிமினலுக்கும் நடுவே 47 வருட இடைவெளி!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனி வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டு ஏதாவது கோர்ட் காகிதம் வாங்கினால், 'அவளுக்கு என்ன தெரியும்?' என்று அலமாரியில் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதிக்கு ஆஜராக வேண்டும் என்று பாருங்கள். அந்தக் கையெழுத்து இப்போது செல்லும்.