கூரை கழற்றிய ஹெரால்டு

பனமலையில் எங்கள் நெல் களத்தை ஒட்டி ஒரு கோழிக்கொட்டகை இருக்கிறது. மூன்று பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் கம்பிவலை, மேலே ஒரு காரின் கூரை. பார்த்தே வளர்ந்ததால் சின்ன வயதில் அது எனக்கு வித்தியாசமாகப் பட்டதே இல்லை. காரின் மிச்சம் அங்கிருந்து இருபதடி தள்ளி, தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. 1964-ல் பதிவான, இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1973-ல் தாத்தா அதை இரண்டாம் கையாக வாங்கினார்.

இரண்டு வருஷம் முன்பு அதைச் சரிசெய்ய இறங்கினேன். உண்மையில் எனக்கு ஆசை ஹெரால்டு மேல் இல்லை, டிரையம்ஃப் ஜிடி6 மேல்தான். நீண்ட மூக்கு, பின்பக்கம் வழிந்து இறங்கும் கூரை, ஆறு சிலிண்டர், பார்த்தாலே ஓட்டத் தோன்றும் கூபே. இங்கே அது குதிரைக்கொம்பு. அதைப் பற்றிப் படித்துக்கொண்டே போனபோதுதான் தெரிந்தது, 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயரும் 1966-ல் வந்த ஜிடி6-ம் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டிய வண்டிகள் என்று. நான் தேடிய காரின் பெரியப்பா எங்கள் களத்து ஓரத்திலேயே துருப்பிடித்துக் கிடந்திருக்கிறார்.

ஹெரால்டு பிறந்ததே ஒரு இக்கட்டில்தான். 1950-களில் உலகம் முழுக்கக் கார்க் கம்பெனிகள் சேஸிஸைக் கைவிட்டு, முழு உடம்பையும் ஒரே கூடாக வெல்டிங் செய்யும் முறைக்கு நகர்ந்துகொண்டிருந்தன. கவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. இனி முழுக் கூடு செய்து தர ஆளில்லை. வேறு வழியில்லாமல் பழையபடி தனி சேஸிஸ் போட்டு, பாடியைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு முறுக்கிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். வடிவம் டூரினில் இருந்த ஜியோவானி மிக்கெலோட்டியுடையது. 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுக விழா. மேடையிலேயே மெக்கானிக்குகள் துண்டுகளைக் கொண்டுவந்து, பார்வையாளர்கள் கண்முன்னால் சில நிமிடங்களில் ஒரு காரைப் பூட்டிக் காட்டினார்கள். பலவீனத்தை மேடையேற்றி வித்தையாக்கிய சாமர்த்தியம் அது. எங்கள் துறையில் இதை தினமும் செய்கிறோம்.

அன்று வந்தவை இரண்டு வகை: சலூன், கூபே. கூபேயின் என்ஜினில் ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள், கொஞ்சம் கூடுதல் வேகம். வெளித்தோற்றத்தில் முக்கிய வித்தியாசம் கூரைதான். சலூன் கூரையைக் கழற்றினால் திறந்த வண்டி, சின்னக் கூரையை மாட்டினால் கூபே. (அவ்வளவு சுலபமில்லை, அதற்கு வருகிறேன்.)

துண்டுதுண்டாகப் பிரிகிற காருக்கு இன்னொரு வசதி உண்டு, பெட்டியில் போட்டுக் கப்பலேற்றலாம். மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-லேயே தொடங்கி, வண்டலூர்ப் பக்கம் ஆலை போட்டு வேன்கார்டு செய்துகொண்டிருந்தது. பாகங்களை இறக்கிப் பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்கிறவர்களுக்குத்தான் இடம் என்று 1953-ல் வரிக் கமிஷன் சொல்ல, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. கார் வாங்க நினைத்த இந்தியனுக்கு மிஞ்சியது கல்கத்தாவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், நம் மெட்ராஸின் ஸ்டாண்டர்டு. அந்த மெட்ராஸ் ஆலையில் 1961-ல் ஹெரால்டு வந்தது.

அதற்குப் பிறகு இரண்டும் வேறு வேறு வண்டிகளாகப் பிரிந்துபோயின. இங்கிலாந்தில் என்ஜின் 1147 சிசி ஆனது, 1296 ஆனது. இங்கே கடைசிவரை 948. ஆனால் இங்கே நான்கு கதவு வைத்தார்கள், இங்கிலாந்து ஹெரால்டில் அது கிடையாது. பின்சக்கரங்களைத் தாங்கிய ஸ்விங் ஆக்ஸிலில் ஒரு பெரிய குறை. வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி வழுக்கும். இங்கிலாந்தில் 1968-ல் ஜிடி6-க்குப் புது இணைப்புகள் வைத்துத் தீர்த்தார்கள். மெட்ராஸில் 1970-களின் தொடக்கத்தில் கெஸல் என்று மறுபெயரிட்டபோது, அந்த ஆக்ஸிலையே தூக்கிவிட்டு, லாரியில் இருப்பதுபோல நேரான ஆக்ஸில் போட்டுவிட்டார்கள். நளினம் போனது, நம் ரோட்டுக்குச் சரியாக வந்தது. 1977 வாக்கில் கெஸலும் நின்றது. 1985-ல் ரோவர் எஸ்.டி.1-இன் உடம்புக்குள் பழைய வேன்கார்டு வழிவந்த என்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றுப் பார்த்தார்கள். சில வருஷத்தில் கதை முடிந்தது.

எங்கள் வண்டியின் கூரை 1979-ல் கழன்றது. காரணம் மாப்பிள்ளை அழைப்பு. திறந்த காரில் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்து, முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் என்று ஊர்வலம் வருவது அப்போது பெரிய அந்தஸ்து. கூரை போல்ட்டில்தானே இருக்கிறது, கழற்றிவிட்டால் வாடகை வரும் என்று தாத்தா கணக்குப் போட்டார். சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி சரியா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் எங்கள் வீட்டில் வேலை பார்த்த பெரியவர், காலனியைச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைகூட அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறது, நானும்தான். இப்போது நான் வாங்க என்று ஆரம்பித்தபோது முதலில் நெளிந்தது அவர்தான். கார் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நெளிவு போய்விட்டது.

"நடக்கிற வேகத்துல வண்டி போவும் தம்பி. ஃபர்ஸ்ட் கியருதான். அரமணி நேரத்துல ரேடியேட்டரு கொதிக்க ஆரம்பிச்சிடும். நான் தண்ணிக் கொடத்தத் தூக்கினு பக்கத்துலயே நடப்பேன். டிரைவரு கைய காட்டுனா ஊத்தணும். ஆவி மூஞ்சில அடிக்கும்."

கூரையைக் கழற்றியதும் டிரைவர் பக்கக் கதவு மூட மறுத்ததையும் அவர்தான் சொன்னார். கயிறு போட்டுக் கட்டி, அதன்மேல் பூமாலையைத் தொங்கவிடுவார்களாம். அது ஏன் என்று பிறகு புரிந்தது. பாடியின் முன்பாதியும் பின்பாதியும் கதவுக்குக் கீழே போல்ட் போட்டுச் சேர்த்தவை. மேலே இரண்டையும் இழுத்துப் பிடித்திருந்தது கூரைதான். கம்பெனியே செய்த திறந்த மாடலில் அதற்காகத் தனியாகப் பலப்படுத்தியிருந்தார்கள். இங்கே கூரை போனதும் நடுவில் தொய்ந்துவிட்டது. டிங்கரிங் செய்கிறவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்து, மேலே ஒரு விரல், கீழே அரை விரல் என்று கணக்குச் சொன்னார்.

வேலை அதுபாட்டுக்கு நடந்தது. சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் இரண்டும் துருவில் போய்விட்டதால் புதுத் தகடு வெட்டி வைத்தோம். புதுப்பேட்டையில் நாலு சனிக்கிழமை அலைந்ததில் ஒரு கிளட்ச் பிளேட்டும் ஸ்டீயரிங் ரேக்கும் கிடைத்தன. ரப்பர் பீடிங்குகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பாகம் வாங்குவது சுகமான வேலை, அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

யோசிக்கவைத்தது கூரை. 2021-ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட நம்பரும் பத்து வருஷப் பதிவும் கிடைக்கும். அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. எனக்கு அந்த நம்பர் வேண்டும். அப்படியென்றால் கொட்டகைக் கூரையை இறக்கி, ஒடுக்கு எடுத்து, மாட்டியாக வேண்டும். அதோடு அந்தப் பதினைந்து வருஷ ஊர்வலமும் நடக்காத மாதிரி ஆகிவிடும்.

அந்த நேரத்தில்தான் தாத்தாவின் வாடகை நோட்டு கிடைத்தது. 1979 தையிலிருந்து 1994 வரை தேதி, ஊர், பெயர், முன்பணம், பாக்கி. சுற்றுவட்டாரத்து ஊர்கள் எல்லாம் இருக்கின்றன. எங்கள் ஊர் காலனி ஒரு வரியில்கூட இல்லை. முதலில் நான் தேடவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தேதியைச் சரிபார்க்கப் புரட்டும்போது, பெரியவர் 83-ல் கல்யாணம் ஆனது என்று சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வருஷம் வைகாசியில் வண்டி ஐந்து முகூர்த்தத்துக்குப் போயிருக்கிறது. ஐந்திலும் குடத்தோடு நடந்தவர் அவர். தன்னுடையதற்கு?

கேட்டேன். "கேட்டதுதான். எங்கப்பா வந்து கேட்டாரு. வண்டி ரிப்பேருன்னு சொன்னாரு ஒங்க தாத்தா. ரிப்பேரான்னு எனக்குத் தெரியாதா? மொத நாளு நான்தான் கழுவி வெச்சேன்." கோபமில்லாமல், ரேடியேட்டர் கொதித்ததைச் சொன்ன அதே குரலில் சொன்னார். குடுத்திருந்தாலும் ஊர்த்தெரு வழியாக விட்டிருக்க மாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பனமலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது மலைமேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலும், அங்கே பக்கத்துச் சிற்றாலயத்துச் சுவரில் இருக்கும் உமையின் ஓவியமும்தான். ஒரு காலை மடித்து, குடைக்குக் கீழே சாய்ந்து நின்று அவள் சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். அழிந்ததை யாரும் புதிதாக வரைந்து நிரப்பவில்லை. தொல்லியல் ஆட்கள் அதை அப்படியே விட்டதில் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் என் காரில் அந்த வாதம் நிற்காது என்று இப்போது தோன்றுகிறது. கூரை இல்லாத வண்டியை நினைவுச்சின்னமாக வைத்தால் யாருடைய நினைவு அது? மாட்டினாலும் சங்கடம்தான், விதிப்படி அசல் ஆகிவிடும், நோட்டு மட்டும் என் அலமாரியில் இருக்கும். மெட்ராஸ் ஹெரால்டு வந்த நாள் முதலே அசலிலிருந்து விலகிக்கொண்டே இருந்த வண்டி. அதில் எந்த வருஷத்தை அசல் என்பது?

கடைசியில் ஒரு நடைமுறைக் காரணம் முடிவு செய்தது. கூரை இல்லாமல் கதவு மூடாது. போன பங்குனியில் கொட்டகையிலிருந்து இறக்கினோம். கோழிகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டாயிற்று. கூரையின் உள்பக்கத்துத் துரு நினைத்ததைவிடக் குறைவு, கோழி எச்சம்தான் அதிகம். ஜாக்கியில் நடுப்பகுதியை மெல்ல ஏற்றி, ஒரு போல்ட், தளர்த்தி, எதிர்ப்பக்கம் ஒரு போல்ட் என்று இரண்டு நாள் ஆனது. இரண்டாவது நாள் மாலை பெரியவர்தான் டிரைவர் பக்கக் கதவைத் தள்ளிப் பார்த்தார். மூடிக்கொண்டது.

அவர் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ரெண்டு நாளாகத் தயங்கி, "வண்டிய நானே ஓட்டிட்டு வரட்டுமா, ஊர்த்தெரு வழியாவே?" என்றேன்.

"நல்லதுதான் தம்பி," என்றார். "ஆனா மாப்ள பையன் ஜேசிபி சொல்லிட்டான். முன்னாடி பக்கெட்டுல ரெண்டு பேரும் ஒக்காந்து வராங்களாம். அத்தான் இப்ப ஃபேஷனு." குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். "பிரேக்கு ஆயில் ஒழுகுது பாரு."