இரு நாடு, ஒரு படை (அத்தியாயம் 3): கொழும்பில் ஒரு மௌனம்

போன வாரம் உங்களை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போனேன். 1914 நவம்பர் 9, காலை ஆறரை மணி இருக்கும். இனம் தெரியாத போர்க்கப்பல் ஒன்று வாசலுக்கே வந்துவிட்டது, உதவுங்கள் என்று கோகோஸ் தீவுகளிலிருந்து கம்பியில்லாத் தந்தி அலறியது. சிறிது நேரத்தில் அந்தக் குரல் அடங்கிப்போனது.

அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில்தான், முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு நம் கப்பல் வரிசை போய்க்கொண்டிருந்தது. 38 துருப்புக் கப்பல்கள், ஏறக்குறைய 30,000 வீரர்கள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். முன்னே ஆஸ்திரேலியக் கப்பல்கள், பின்னே நியூசிலாந்தின் பத்துக் கப்பல்கள்.

வந்த கப்பல் எது? தந்தி நிலையத்தில் இருந்தவர்கள் அதன் புகைபோக்கிகளை எண்ணினார்கள். நான்கு இருந்தன. ஆனால் நான்காவது மட்டும் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால், அது வெறும் கான்வாஸ் துணி! பிரிட்டிஷ் கப்பல்போல் தெரிவதற்காகப் போட்ட வேஷம். நிஜத்தில் மூன்றே புகைபோக்கிகள் கொண்ட அந்த ஜெர்மன் கப்பலின் பெயர், எம்டன்.

ஆமாம், அதே எம்டன்தான். "அவர் சரியான எம்டன்" என்று வீட்டில் பெரியவர்கள் யாரையாவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு இந்தக் கப்பலிலிருந்து வந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டு இருட்டில் மறைந்த கப்பல் அது. ஏழு வாரம் கழித்து இப்போது இங்கே நிற்கிறது. பக்கத்திலேயே 38 கப்பல்கள் போவது அதற்குத் தெரியாது!

துருப்புக் கப்பல்களுக்குக் காவலாக அன்று மூன்று போர்க்கப்பல்கள் இருந்தன. மெல்போர்ன், சிட்னி இரண்டும் ஆஸ்திரேலியாவுடையவை. மூன்றாவதான இபுகி, ஜப்பானுடையது. மெல்போர்னின் தலைவர்தான் காவலுக்குப் பொறுப்பு. தந்தியைக் கேட்டதும் அவர் தம் கப்பலையே கோகோஸ் பக்கம் திருப்பிவிட்டார். அடுத்த நிமிடம் மனம் உறுத்தியது. 30,000 பேரைக் காக்க வேண்டியவன் நான், எப்படி விட்டுவிட்டுப் போவேன்? கப்பலை மறுபடி தம் இடத்துக்குத் திருப்பினார். சிட்னியைப் போகச் சொன்னார்.

இபுகியும் துடித்தது. போர்க்கொடியை ஏற்றிவிட்டு, தானும் போக அனுமதி கேட்டது. கிடைக்கவில்லை. அதுவும் துருப்புக் கப்பல்களின் பக்கத்திலேயே நின்றது. சண்டைக்குப் போனவர்களைத்தான் ஊர் கொண்டாடும். போக முடிந்தும் காவலுக்கு நின்றவர்களை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இந்த இபுகிக்கும் நியூசிலாந்துக்காரர்களுக்கும் ஏற்கெனவே ஒரு பழக்கம் உண்டு. நியூசிலாந்து மக்கள்தொகையில் சிறிய நாடு. அன்று அங்கே 10 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தான். பசிபிக் கடலில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுற்றிக்கொண்டிருந்தபோது, தக்க துணை இல்லாமல் எங்கள் பிள்ளைகளைக் கடலில் அனுப்ப மாட்டோம் என்று அந்த நாட்டு அரசு உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் பயணமே பல வாரங்கள் தள்ளிப்போனது. கடைசியில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலும் இந்த இபுகியும் வெலிங்டன் துறைமுகத்துக்கே போய் அவர்களைக் கூட்டிவந்தன. பக்கத்து நாட்டுக்காரர்கள் வந்து சேர்ந்த பிறகுதான், நவம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்திலிருந்து இரு நாட்டு வீரர்களும் ஒன்றாகப் புறப்பட்டார்கள்.

சரி, சிட்னி என்ன ஆயிற்று?

முதலில் அடி வாங்கியது சிட்னிதான். எம்டனின் பீரங்கிகள் சிறியவை, ஆனால் குறி தப்பவில்லை. பிறகு சிட்னி விலகி நின்று தன் பெரிய பீரங்கிகளால் திருப்பிச் சுட்டது. எம்டனின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கப்பல் மூழ்கினால் எல்லோரும் சாவார்கள் என்று, அதன் கேப்டன் வான் முல்லர் கப்பலை ஒரு தீவின் பவளப் பாறையில் கொண்டுபோய் மோதி நிறுத்தினார். எம்டன் ஒழிந்தது என்ற செய்தி துருப்புக் கப்பல்களுக்கு வந்தபோது மதியம்கூட ஆகவில்லை. வீரர்கள் தொண்டை வலிக்கக் கூச்சலிட்டார்கள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அந்தக் கூச்சலை அல்ல.

ஆறு நாள் கழித்து, நவம்பர் 15. கொழும்புத் துறைமுகம். சிட்னி மெல்ல உள்ளே வருகிறது. சுற்றிலும் நிற்கும் கப்பல்களின் மேல்தளங்களில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். தங்களைக் காப்பாற்றிய கப்பல் அல்லவா? கைதட்டி வரவேற்க வேண்டாமா?

யாரும் கைதட்டவில்லை. ஆரவாரம் வேண்டாம் என்று சிட்னியின் கேப்டன் கிளாசாப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். காரணம், சிட்னியில் எம்டனின் மாலுமிகள் படுத்திருந்தார்கள். பலத்த காயம்பட்டவர்கள். எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். சிட்னியிலும் நான்கு பேர் இறந்திருந்தார்கள். வலியில் கிடக்கும் ஒருவரின் காதில் நம் வெற்றிக் கூச்சல் விழலாமா? இரண்டு நாட்டு வீரர்களும் வாய் மூடி நின்றார்கள். சேர்ந்து ஒரு குண்டுகூடச் சுடுவதற்கு முன்பே, அவர்கள் சேர்ந்து செய்த காரியம் இது.

கொழும்பிலிருந்து அரபிக்கடல், பிறகு செங்கடல். லண்டனைப் பார்க்கப்போகிறோம் என்ற கனவில் வீரர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் பயிற்சி, அதன்பின் பிரான்ஸ் போர்முனை என்பதுதான் திட்டம்.

நவம்பர் 28. தலைமைக் கப்பலான ஆர்வியெட்டோவில் கம்பியில்லாத் தந்திக் கருவி மறுபடி துடித்தது. செய்தியைப் படித்த அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் இங்கிலாந்து என்ற பெயரே பயண இடமாக இல்லை. எதிர்பாராத சூழ்நிலை காரணமாக, படை முழுவதும் வழியிலேயே இறங்க வேண்டும் என்றிருந்தது. எங்கே? எகிப்தின் பாலைவனத்தில்!

சில வாரங்களுக்கு முன்பு போரில் புதிதாக ஒரு பேரரசு குதித்திருந்தது. அது எது? பிரமிடுகளின் நிழலில் இந்தப் படைக்கு என்ன வேலை? அங்கே ஓர் அலுவலக மேசையில் கிடந்த சாதாரண ரப்பர் முத்திரை, இந்த இரண்டு நாட்டு வீரர்களுக்கும் உலகம் மறக்காத ஒரே பெயரைச் சூட்டியது எப்படி?

(அடுத்த வாரம் தொடரும்)